காலர் இல்லாத சட்டை

ஏனுங்க்கா அப்படிப் பாக்கறீங்க? பாருங்க, பாருங்க, தப்பில்லை. பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வெச்சு, அதுக்கு மேல ஒம்பதாம் நம்பர் போட்ட பந்தாட்ட பனியனை மாட்டிக்கிட்டு ஒரு பொம்பளை பஸ் ஏறுனா நானுந்தான் பாப்பேன். பக்கத்து சீட்டுல வேற வந்து உக்காந்தா, கொஞ்சம் தள்ளியே உக்காருவேன். நீங்க தள்ளி உக்காரலை. நல்ல மனசு.

புள்ளைக்குக் காது குத்திட்டு வர்றமுங்க. எங்க குலதெய்வம் கோயில்ல. இவதான், நிவிதா. தூங்கறா பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. காலையில இவ போட்ட கூச்சலுக்குக் கோயில் மரத்துல இருந்த காக்கா பூரா அடுத்த ஊருக்குப் போயிருச்சு. இப்ப இந்தப் பனியன் மேல மூஞ்சியை வெச்சாத்தான் தூக்கம். பட்டுச்சேலை மேல வெச்சா முழிச்சுக்கறா. கஞ்சி போட்ட சேலையாட்டக் குத்துது போல. எச்சில் வேற வடியுது. பட்டுக்கு ஆகுமா? அதான் மேல மாட்டிக்கிட்டேன்.

மத்தபடி நான் இந்தப் பனியன் போடற ஆளே இல்லைங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன்.

எங்க வீட்டுக்காரரு, லோகநாதன்னு பேரு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காரு. வெளிநாட்டுக்குப் போற பந்தாட்ட சட்டைதான் அங்க முழுக்க. நம்பர் கோணலா ஒட்டினது, ஒரு கை நீளமா வந்தது, பேருல ஒரு எழுத்து விட்டுப்போனது, இதெல்லாம் ரிஜெக்ட்டுன்னு ஒதுக்கிருவாங்க. அதை வேலையாளுங்களுக்கே சல்லிசா குடுத்துருவாங்க. நான் கலியாணமாகி அந்த வீட்டுக்குள்ள போனப்ப, கொடியில தொங்குன துணியைப் பாத்துட்டு இந்த வீட்டுல எத்தனை வெளையாட்டு வீரருங்க இருக்காங்களோன்னு பயந்தே போயிட்டேன். கடைசியில பாத்தா ஒருத்தருக்கும் பந்தை எந்தக் காலால ஒதைக்கறதுன்னே தெரியாது. மாமனாரு பளபளன்னு பச்சை மஞ்சள்ல கோல்கீப்பர் சட்டை போட்டுக்கிட்டு ஆடு மேய்ப்பாரு. ஆடு தொலைஞ்சாலும் தொலையும், அவரு தொலைய மாட்டாரு, ரெண்டு காடு தாண்டித் தெரிவாரு. மாமியா சேலைக்கு மேல ஏழாம் நம்பரை மாட்டிக்கிட்டுப் பால் கறக்கும். வேலைக்குப் போற பொம்பளைங்க சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போடறது நம்ம பக்கத்து வழக்கந்தானுங்களே. என்ன, அவங்க சட்டைக்குப் பொத்தான் இருக்கும், எங்க மாமியா சட்டைக்கு முதுகுல வெளிநாட்டான் பேரு இருக்கும்.

எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவருக்கு வீட்டுக்கும் அதுதான், கம்பெனிக்கும் அதுதான், எழவு வீட்டுக்கும் அதுதான். ஒருக்கா பஸ் ஸ்டாண்டுல ஒரு காலேஜ் தம்பி ஓடி வந்து, "அண்ணா, சூப்பருங்ணா, எந்த டீமுங்ணா?"ன்னு கேட்டான். இவரு முதுகைத் திருப்பி லேபிளை எடுத்துக் காட்டி, "எக்ஸெல்லு தம்பி, உனக்குப் பெருசா இருக்கும்"ங்கறாரு. அந்தத் தம்பி மூஞ்சியை நீங்க பாக்கோணுமே!

நானா? நான் வீட்டுக்குள்ள மட்டுந்தானுங்க. நைட்டி போட்டுட்டு இருக்கறப்ப வாசல்ல யாராவது கூப்பிட்டா, பொம்பளைங்க துண்டை எடுத்துத் தோளுல போட்டுட்டு ஓடுவோமில்ல? துண்டு நழுவும். புள்ளை இழுத்தா கையோட வந்துரும். இது நழுவாது. தலை வழியா மாட்டுனா முடிஞ்சுது. அதனால வீட்டுல மட்டும். அப்பறம் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறப்ப. ரேஷன் கடைக்கு. அங்கன்வாடிக்கு. பேங்குக்கு ஒருக்கா போயிருக்கேன், அது அவசரமுங்க. துவைச்சு ஒதறுனா காஞ்சிரும், இஸ்திரி வேண்டாம், புள்ளைக்கு மூக்குத் தொடைக்க, பஸ்ஸுல விரிக்க, எல்லாத்துக்கும் ஆகும். ஆனா எனக்குப் புடிக்கவே புடிக்காதுங்க. நாலு பேரு பாக்கற எடத்துக்குப் பெரிய மனுசங்க அதைப் போட்டுட்டு வர்றது என்ன பழக்கம்? கேளுங்க நீங்களே.

இதுனாலதான் எங்கண்ணனுக்கும் இவருக்கும் ஆகாமப் போச்சு.

எங்கண்ணன் பழனிவேலு, கோபியில ஜவுளிக்கடையில இருக்கான். ஆம்பளைங்க செக்சன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவன் சட்டை காலர்ல விரலை வெச்சாக் கீறிரும், அப்படி ஒரு கஞ்சி. ஆளைப் பாத்ததும் மூஞ்சியைப் பாக்க மாட்டான், காலரைத்தான் பாப்பான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு என் ஜாக்கெட்டைக்கூட அவன்தான் தேச்சுக் குடுப்பான். எங்கப்பா நேரமே போய்ச் சேந்துட்டாருங்க. என்னைப் படிக்க வெச்சது, சீர் செஞ்சது, தாரை வாத்துக் குடுத்தது, எல்லாம் அவன்தான். அதை நெனைச்சுக்கோங்க.

அவன் புதுவீடு கட்டிக் குடி போனான். நானும் புள்ளையும் மொத நாளே போயிட்டோம். இவரு ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு நேரா வந்தாரு. எதைப் போட்டுட்டு வந்திருப்பாருன்னு சொல்லோணுமா? செவப்புல பதினொண்ணாம் நம்பர். அது பரவாயில்லைங்க. அன்னிக்குன்னு பாத்து சமையக்காரரு கொண்டாந்த பரிமாற ஆளுங்க பூராப் பேரும் செவப்பு டீ சர்ட்டு!

எங்கண்ணனோட மொதலாளி பந்தியில உக்காந்திருக்காரு. இவரைப் பாத்து, "தம்பி, ரசம் கொண்டா"ன்னாரு. இவரு கொண்டு போயி ஊத்துனாரு. நம்ம வீட்டு விசேசம், கேட்டா ஊத்த மாட்டமா? அதுல என்ன தப்பு? மோரு கேட்டாரு, ஊத்துனாரு. அப்பளம் கேட்டாரு, உள்ள போயி நல்ல அப்பளமாப் பொறுக்கிட்டு வந்து வெச்சாரு. அதோட நின்னிருந்தா ஒண்ணுமில்லை. மொதலாளி எந்திரிச்சு, "தம்பி, எலையை எடுத்துரு"ன்னாரு. இந்த மனுசன் எடுத்துட்டாருங்க்கா!

வெத்தலைத் தட்டோட வந்த எங்கண்ணன் அப்படியே நின்னுட்டான். "மாப்ளை! கீழ போடுங்க மாப்ளை!"ங்கறான். இவரு, "மோரு ஒழுகுதுங்க மச்சான், வழியை விடுங்க"ங்கறாரு. மொதலாளி சிரிச்சுக்கிட்டே, "பழனிவேலு, பையன் நல்ல சுறுசுறுப்பு. எந்தூரு ஆளு இவன்?"னு கேட்டாரு. "என் தங்கச்சி வீட்டுக்காரருங்க"ன்னான் எங்கண்ணன். அந்தப் பந்தி பூராச் சிரிச்சுது. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரருந்தான் சிரிச்சாரு, கையில எலையோட. எங்கண்ணன் ஒருத்தன்தான் சிரிக்கலை.

சாயந்தரம் எல்லாரும் போனப்பறம் வெடிச்சுட்டான். "காலர் வெச்ச சட்டை ஒண்ணுக்குக் கதியில்லாத வீட்டுலயா எந்தங்கச்சியைக் குடுத்தேன்? இனி அந்தாளு ஒழுங்கா ஒரு சட்டை போட்டு நிக்கட்டும், அன்னிக்கு நான் உங்க வாசப்படி மிதிக்கறேன்"னான். எங்க வீட்டுக்காரரு அது வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. கதியில்லாதங்கற சொல்லுதான் சுட்டுருச்சு. "உங்கண்ணன் என்னைப் பாக்க வர்றதுன்னா வரட்டும். காலரைப் பாக்க வர்றதுன்னா அவன் கடையிலயே நெறையத் தொங்குது, பாத்துக்கட்டும்"னு வண்டியை எடுத்துட்டாரு. அன்னிக்கு வந்ததுதான். இவரு அங்க போகலை, அவன் இங்க வரலை.

அதுக்குள்ள இவளுக்குக் காது குத்தற காலம் வந்துருச்சு. தள்ளிப் போட்டோம். மறுபடி தள்ளிப் போட்டோம். தாய்மாமன் மடியில வெச்சுத்தானே குத்தோணும்? மாமியா சொல்லுச்சு, "உங்க பெரியப்பன் மவன் இருக்கறானே, அவன் மடியில வெச்சுக் குத்திக்கலாம், மடி மடிதானே"ன்னு. எனக்குச் சோறு எறங்கலைங்க்கா. கூடப் பொறந்தவன் ஒருத்தன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப ஊரான் மடியில எம் புள்ளையை வெப்பனா? அன்னிக்கு அவன் வரலைன்னா அப்பறம் என்னைக்குமே வர மாட்டான். எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறதே அவன் ஒருத்தன்தான்.

சரின்னு நானே எறங்கிட்டேன். பொய்யெல்லாம் சொல்லலைங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சமா எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான். அண்ணனுக்குப் போன் போட்டு, "அவரு ரொம்ப வருத்தப்படறாருண்ணா. வெள்ளைச் சட்டை தெச்சுட்டாரு. உன்னைப் பாத்ததும் மன்னிப்புக் கேக்கோணும்னு இருக்காரு"ன்னேன். அவன், "காலர் என்ன சைஸு வெச்சாங்க அம்மிணி?"ன்னான். இந்தப் பக்கம் இவருகிட்ட வந்து, "எங்கண்ணன் போன்ல அழுதுட்டானுங்க. வாயை விட்டுட்டேன், மாப்ளை கையைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கோணும்னான். நீங்களும் அவனுக்காக ஒரு நாளு வெள்ளைச் சட்டை போட்டுக்கங்க"ன்னேன். இவரு இளகிட்டாரு. "அழுதானா? சரி, தொலையட்டும், ஒரு நாளைக்குத்தானே"ன்னாரு.

அதோட விட்டனா? என் புத்தி விடுமா? இவரு ஒருத்தரு மட்டும் வெள்ளையில நின்னா நல்லா இருக்காதுன்னு மாமனாருக்கு வேட்டி சட்டை, மாமியாளுக்குப் பட்டு, எனக்கு இது. இன்னிக்கு ஒரு பனியன்கூட எவன் கண்ணுலயும் படக் கூடாதுன்னு விடியறதுக்குள்ள பூராத்தையும் சுருட்டிப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கூடைக்குள்ள வெச்சேன். புள்ளைக்குத் தொடைக்க ஆகும்ல?

கோயிலுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தாங்க. தட்டு, பழம், புதுத்துணி, தோடு, எல்லாம் நெறைவா. எனக்குக் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. இவரு அந்தப் பக்கம் நிக்கறாரு, கழுத்துல காலர் ஏறிக்கிட்டு, சுளுக்கு விழுந்தவராட்ட. எங்கண்ணன் இந்தப் பக்கம் நிக்கறான். இவரு அவன் கையைப் பாக்கறாரு, இப்பப் புடிப்பான், இப்பப் புடிப்பான்னு. அவன் இவரு வாயைப் பாக்கறான், இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு. யாரு கேப்பாங்க? ரெண்டும் நான் சொன்னதாச்சே! "மழை இல்லை"ன்னான் அவன், மரத்தைப் பாத்து. "ஆமா, வெயிலுதான்"னாரு இவரு, தூணைப் பாத்து. எங்கண்ணி என் காதுல, "ஏனுங்க மேகலா, காது குத்தா, இல்லை ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?"ங்குது.

இவ அதுவரைக்கும் கோயில் திண்ணையில தூங்கிட்டு இருந்தாளுங்க. முழிச்சாளா, கண்ணைத் தொறந்தாளா, அவ்வளவுதான். அவங்கப்பா, "வாங்க சாமி"ன்னு கையை நீட்டறாரு, இவ வீல்னு கத்தறா. ஆளு தெரியலை! பொறந்ததுல இருந்து அவங்கப்பனை வழுவழுன்னு பனியன் இல்லாமப் பாத்ததே இல்லையே. குரலு அப்பா மாதிரி இருக்குது, ஆளு வேற யாரோ. தாத்தாகிட்ட ஓடுனா, அவரும் வெள்ளை. பாட்டிகிட்டப் போனா, ஜரிகை. என்கிட்ட வந்து இந்தச் சேலையைத் தொட்டுட்டு அதுக்கும் அழுகறா. சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம், எல்லாம் புது ஆளுங்கன்னு நெனைச்சுட்டா போல. நாந்தான் குடும்பத்தையே மாத்தி வெச்சுட்டனே! இந்த லட்சணத்துல, மாமன் வேற. கைக்குழந்தையாப் பாத்தது. அவன், "வா கண்ணு"ன்னதும் உருண்டு பொரண்டு அழுகறா.

காது குத்தற ஆசாரி ஊசியை எடுத்து வெச்சுட்டாரு. "அம்மிணி, நேரம் போகுது. யாரு மடி? மடியைச் சொல்லுங்க"ங்கறாரு. மாமியா மெதுவா, "அவங்க பெரியப்பன் மவனும் வந்துதான் இருக்கறான்..."னு இழுக்குது. எங்கண்ணன் காதுல அது விழுந்துருச்சு. அவன் மூஞ்சி செத்துப்போச்சுங்க்கா. தோட்டை எடுத்துத் தட்டுல திரும்ப வெச்சுட்டான். கெளம்பிருவான்னே நெனைச்சேன்.

அப்பத்தான் அழுகை நின்னுச்சு. என்னடான்னு பாத்தா, இவ கூடையைக் கவுத்து அந்த ஒம்பதாம் நம்பரை வெளிய இழுத்து, அதுக்குள்ள மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

எங்க வீட்டுக்காரரு போயி அதைக் கெஞ்சி வாங்குனாரு. அவருக்கு உசிரே வந்துருச்சு, பாவம், காலரைக் கழட்ட ஒரு சாக்கு கெடைச்சுதே. முதல் பொத்தானைக்கூடக் கழட்டிட்டாரு. அப்பறம் என்ன நெனைச்சாரோ, நின்னாரு. பொத்தானைத் திரும்பப் போட்டாரு. நேரா எங்கண்ணன் முன்னால போயி நின்னு, "மச்சான், கையைத் தூக்குங்க"ன்னாரு.

அத்தனை நாளு கழிச்சு மொகம் பாத்துப் பேசுன மொதப் பேச்சு அதுதானுங்க.

"இதையா?"ன்னான் எங்கண்ணன்.

"காலரை மேல எடுத்து விட்டுக்கலாமுங்க மச்சான். தெரியத்தான் தெரியும்."

எங்கண்ணன் என்னைப் பாத்தான். நான் கோபுரத்தைப் பாத்தேன். அண்ணியைப் பாத்தான். அண்ணி வாயில முந்தானை. கடைசியில புள்ளையைப் பாத்தான். ரெண்டு கையையும் தூக்கிட்டான், குளிக்க நிக்கற கொழந்தையாட்ட. இவரு மாட்டறாரு, தலை போகலை. என் சைஸு அது. அண்ணன் தலை பெருசு. இவரு கீழ இழுக்கறாரு, நான் பின்னால இழுக்கறேன், உள்ளிருந்து எங்கண்ணன், "கஞ்சி, கஞ்சி, மடிப்பு விழுகுது"ங்கறான். ஒரு வழியாத் தலை வந்துச்சு. காலரு ரெண்டும் காது பக்கத்துல நட்டுக்கிட்டு நிக்குது. எங்கண்ணி தரையில உக்காந்துருச்சு, சிரிச்சு நிக்க முடியாம.

இவ உடனே போயிரலைங்க. சும்மாவா? செக்கிங் ஆளு மகளாச்சே. மாமனைச் சுத்திப் பின்னால போயி, முதுகுல நம்பர் இருக்குதான்னு தடவிப் பாத்தா. இருந்துச்சு. முன்னால வந்தா. மடியில ஏறி உக்காந்துட்டா.

ஆசாரி கெட்டிக்காரரு. இவ நிமுந்து பாக்கறதுக்குள்ள ஒரு காது, திரும்பறதுக்குள்ள மறு காது. ஒரு கத்து கத்துனா, பனியனைக் கடிச்சுக்கிட்டு அடங்கிட்டா. எங்கண்ணன்தான் அடங்கலை. தேம்பித் தேம்பி அழுகறான். அத்தனை சனத்துக்கு நடுவுல. எதுக்கு அழுதான்னு நான் கேக்கலை. ஊசியைப் பாத்துன்னே வெச்சுக்குவோம். ஒரு கையில புள்ளை, ஒரு கையால பனியன் நுனியைத் தூக்கிக் கண்ணைத் தொடைக்கறான். அந்தத் துணி தண்ணி குடிக்குமாங்க? வேர்வையையே இழுக்காது. கண்ணுல இருந்ததைக் கன்னத்துக்குக் கொண்டு வந்துச்சு, கன்னத்துல இருந்ததைத் தாடைக்குக் கொண்டு போச்சு. மொகம் பூரா ஈரம். நெத்திச் சந்தனம், குங்குமம் எல்லாம் கரைஞ்சு ஓடுது.

இவரு பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பறம் குத்த வெச்சு உக்காந்தாரு. வேட்டிக்குள்ளிருந்து அந்தப் புது வெள்ளைச் சட்டையோட முன்பக்கத்தை உருவி எடுத்து, எங்கண்ணன் தாடையை ஒரு கையில புடிச்சு, நிவிதாவுக்கு மூக்குத் தொடைப்பாரே அதே மாதிரி, ரெண்டு கண்ணையும் மூக்கையும் அழுத்தித் தொடைச்சு விட்டாரு. எங்கண்ணன் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தான்.

"மாப்ளை... சட்டை..."ன்னான்.

"சட்டைதானே"ன்னாரு இவரு.

மன்னிப்பு அது இதுன்னு ஒருத்தரும் கேக்கலைங்க. நல்லவேளை. கேட்டிருந்தா என் வண்டவாளம் வெளிய வந்திருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் எங்கண்ணன் பனியனைக் கழட்டி என்கிட்டக் குடுத்தான், ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறிக் கெளம்பிட்டாங்க, எங்க வீட்டுக்கு. என்னையும் புள்ளையையும் பஸ்ஸுல வான்னுட்டாங்க. அண்ணியும் மாமியாளும் முன் சீட்டுல உக்காந்திருக்காங்க பாருங்க, இன்னும் சிரிப்பு நிக்கலை.

எனக்கு ஒரே ஒரு கவலைதானுங்க்கா இப்ப. புதுச் சட்டை, நல்ல காட்டன். முன்பக்கம் பூராச் சந்தனமும் குங்குமமும் மூக்குச் சளியும் அப்பிக் கெடக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, என்ன போட்டாப் போகும்? எலுமிச்சம்பழம் தேய்ச்சாப் போகுமா? சோடா உப்பா? வெயில்ல காயப்போட்டா வெளுத்துருமா?

போகாதுங்கறீங்க.

ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது. போகலைன்னா இருக்கட்டும். சும்மா தண்ணியில அலசிக் கொடியில போட்டுர்றேன்.